படகில் இறங்குகிறவர்களுக்குக் கை கொடுப்பது பற்றி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கிழவன் டிக்கெட் எடுத்துக்கொண்டு நம் படகுத் துறைக்கு வந்தான். தம்பிகளா, நீங்கள் நாலு பேர் அவனைச் சூழ்ந்துகொண்டீர்கள். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்தீர்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்தார். இன்னொருவர் "பாத்து தாத்தா, பாத்து தாத்தா" என்று வாயாலேயே உதவி செய்தார். பெரிய மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிற மாதிரி அவனைப் படகில் இறக்கி வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். அந்தக் கிழவன் நான்தான்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நீங்கள் எல்லோரும் அதற்குப் பிறகு வந்தவர்கள். அதனால் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் அங்கேயே திட்டித் தீர்த்திருப்பேன், இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அதனால் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

என் பெயர் சூசை. இருபத்தெட்டு வருஷம் அந்த மேடையின் ஓரத்தில் நின்று, படகில் இறங்குகிறவர்களுக்கும் படகிலிருந்து ஏறுகிறவர்களுக்கும் கை கொடுத்தேன். படகு ஓட்டவில்லை, டிக்கெட் கிழிக்கவில்லை. கை கொடுத்தேன், அவ்வளவுதான் வேலை. மகளைப் பெண் பார்க்க வந்த சம்பந்தியிடம் இதைச் சொன்னபோது, "இதுக்குமா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டார். கல்யாணம் முடிந்து அவரே ஒரு நாள் துறைக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி, கொக்கு மாதிரி அரை நிமிஷம் நின்றார். "இன்னா சம்மந்தி, இதுக்குச் சம்பளம் குடுக்கலாமா?" என்று அப்போது கேட்டேன். "ரெண்டு சம்பளம் குடுக்கலாம், என்ன எறக்கி உடுங்க" என்றார்.

மந்திரி என் கையைப் பிடித்திருக்கிறார். பாதிரியார் பிடித்திருக்கிறார். பிரான்சிலிருந்து வந்தவர்கள், பெங்களூரிலிருந்து வந்தவர்கள், அப்போதுதான் தாலி கட்டிக்கொண்டு மாலையோடு வந்தவர்கள், எல்லோரும் பிடித்திருக்கிறார்கள். முதல் வாரத்தைத் தவிர்த்தால், என் கையைப் பிடித்த ஒருவரும் தண்ணீரில் விழவில்லை. முதல் வாரத்தை நான் எப்போதும் தவிர்த்துவிடுவேன். இன்றைக்கு மட்டும் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த நூல் மில்லை மூடியபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கதிரும் நூலும் தவிர எதையும் உற்றுப் பார்த்துப் பழக்கமில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி நோணாங்குப்பம் பக்கம் இந்தத் துறையில் சேர்ந்தேன். நம் துறை கழிமுகத்துக்குப் பக்கம். கடல் ஏறுகிற நேரத்தில் படகு மேடைக்குச் சமமாக நிற்கும். வற்றுகிற நேரத்தில் முழங்கால் அளவு கீழே போய்விடும். காலையில் வீட்டு வாசற்படி மாதிரி இருந்த இடம் மத்தியானம் கிணற்று மேடை மாதிரி இருக்கும். வருகிறவர்களுக்கு இது தெரியாது. அப்போது எனக்கும் தெரியாது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட பேன்ட், பின்னால் மனைவி, மனைவிக்குப் பின்னால் மச்சினிகள் இரண்டு பேர். தண்ணீர் வற்றியிருந்த நேரம். "கையக் குடுங்க சார்" என்றேன். "அதெல்லாம் வேணாம்பா. நான் காலேஜ்ல லாங் ஜம்ப்" என்று மச்சினிகளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். ஒரு காலைப் படகில் வைத்தார். அதற்கு மேல் நகரவில்லை. தாமதம் செய்கிறார் என்று நினைத்து, நானே அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவருடைய பாரம் முழுக்க மேடையிலிருந்த காலில் இருந்தது. படகிலிருந்த கால், இழுத்த வேகத்தில் படகைத் தள்ளியது. படகு போக ஆரம்பித்தது. மேடை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மெதுவாக, ரொம்ப மெதுவாக, பள்ளிக்கூடத்து காம்பஸ் மாதிரி விரிந்தார். முதலில் "புடி, புடி" என்றார். பிறகு "உடு, உடு" என்றார். நான் இரண்டையும் செய்தேன். பேன்ட் தையல் விடுகிற சத்தம் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம் தண்ணீர்ச் சத்தம். லைஃப் ஜாக்கெட் காது வரை ஏறி, கண்ணாடி மட்டும் மூக்கிலிருந்து நகராமல் அவர் மிதந்தார். மச்சினிகளில் சின்னவள் கைப்பையைக் கடித்துக்கொண்டு அழுகிற மாதிரி சிரித்தாள்.

முதலாளி புது ஆள் என்று விட்டுவிட்டார். விடாதவர் ஒருத்தர்தான். மேடைக்குப் பக்கத்தில் தரையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து அவித்த கடலை விற்கிற அம்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவர். பெயர் இன்று வரை எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் கடலைக்காரம்மா. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது அவர்தான் என்று வெளியில் நான் சொல்வதில்லை.

"மில்லுக்காரரே, நீங்க ஆளோட மூஞ்சியப் பாக்கறீங்க" என்றார். "மூஞ்சி பொய் சொல்லும். லாங் ஜம்ப்புன்னு சொல்லும். காலப் பாருங்க. எனக்கு ஒக்காந்தா தெரியறது காலுதான். நாள் பூரா காலத்தான் பாக்கறேன்."

"கால்ல இன்னா தெரியுது?"

"அவரு பெருவிரலு செருப்புக்குள்ள மடங்கிக் கெடந்துது. எதயாவது புடிச்சிக்கப் பாத்துது. பயந்துட்ட காலு அது. அதப் போயி இழுக்கறீங்களே."

நான் நம்பவில்லை. உடனே பந்தயம் வைத்தார். எதிரே வருகிற ஆள் எந்தக் காலை முதலில் வைப்பார் என்று சொல்ல வேண்டும். தோற்றால் அவர் அடுப்புக்குச் சவுக்கு விறகு ஒடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் விறகு ஒடித்தேன். இரண்டாம் மாதம் பாதி நாள் ஒடித்தேன். மூன்றாம் மாதத்திலிருந்து அவரே ஒடித்துக்கொண்டார்.

அதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. எந்தக் காலில் பாரம் இருக்கிறதோ அந்தக் கால் வராது. பாரம் மாறுகிற வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற கை கிளை மாதிரி இருக்க வேண்டும். முருங்கைக் கிளை மாதிரி இருக்கக் கூடாது. அவர் நம் மணிக்கட்டைப் பிடிக்கட்டும், நாம் அவரைப் பிடிக்கக் கூடாது. நானாக ஒரு வாசகம் வைத்துக்கொண்டேன். யார் வந்தாலும் அதைத்தான் சொல்வேன்: "நான் இழுக்க மாட்டேன். நீங்களே எறங்குங்க. நான் சும்மா இங்க நிப்பேன்." இதைச் சொன்னதும் மனுஷனுடைய பெருவிரல் மடக்கை விட்டு நீளும். பார்த்துக்கொள்ளுங்கள்.

காலைப் பார்க்கப் பழகிய பிறகு எனக்கு வயது தெரிய ஆரம்பித்தது. ஆதார் அட்டை காட்டத் தேவையில்லை. படகில் ஒரு எட்டு வைத்தால் சொல்லிவிடுவேன்.

ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கப் போனால் கத்தும். ஒரு தடவை ஒரு குழந்தையை அதன் போக்கில் விட்டுப் பார்த்தேன், சட்டையை மட்டும் பின்னால் பிடித்துக்கொண்டு. அது மேடை ஓரம் வரை வந்தது. கீழே பார்த்தது. யோசித்தது. பிறகு திரும்பி, தன் பின்பக்கத்தைப் படகுக்குக் காட்டி, வயிற்றைப் பலகையில் வைத்து, காலைத் தொங்கவிட்டு, காலாலேயே துழாவி, படகின் அடிப்பலகை பட்டதும் இறங்கி நின்றது. கட்டிலிலிருந்து இறங்குகிற அதே வழி. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாருமில்லை. இதைவிடப் பத்திரமான வழியை நான் இந்தத் துறையில் பார்த்ததில்லை. ஆனால் மூன்று வயதானால் அதை மறந்துவிடுகிறார்கள். வெட்கம் வந்துவிடுகிறது.

பத்து வயதில் அணில். கை நீட்டுவதற்குள் உள்ளே போயிருக்கும். அரியாங்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் வருஷா வருஷம் பொங்கல் லீவில் வரும். அவர்கள் வீட்டுப் பையன் பத்து வயதில் கண்ணை மூடிக்கொண்டு குதித்தவன். பதினாலு வயதில் வந்தான், தன் காலிலேயே தடுக்கி மேடையில் விழுந்தான். அவன் அம்மா, "எருமை கணக்கா வளந்திருக்க, ஒரு எட்டு எறங்கத் தெரியல" என்று முதுகில் ஒன்று வைத்தாள். நான் தடுத்தேன். "அடிக்காதீங்கம்மா. கால் நாலு விரக்கடை வளந்துடிச்சி. சேதி இன்னும் தலைக்குப் போயிச் சேரல. ஆறு மாசம் குடுங்க, போயிடும்." அடுத்த பொங்கலுக்கு அவனே வந்து "சேதி வந்துடுச்சிண்ணே" என்றான்.

இருபதில் காலில் ஒரு குறையும் இருக்காது, கண் மட்டும் பக்கத்தில் இருக்கிற பெண்மேல் இருக்கும். முப்பதில் கண் போனில். மாசமாக இருக்கிற பெண்கள்தான் எனக்குப் பிடித்த பயணிகள். உடம்பு வாரத்துக்கு ஒரு தினுசாக மாறுவதால், ஒவ்வொரு அடியையும் புதிதாகக் கேட்டு வைப்பார்கள். ஐம்பதில் இருக்கிற ஆம்பளைகளைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். உடம்பு ஐம்பதில் நிற்கும், ஞாபகம் இருபத்தைந்தில் நிற்கும், நடுவில் தண்ணீர் நிற்கும். அறுபத்தைந்தில் கால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. குளிக்கிற இடத்தில் ஒரு தடவை வழுக்கியிருக்கும், அதிலிருந்து பூமியையே நம்ப மாட்டார்கள்.

ஒரு சமயம் ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து மேடையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். கை கால் முடக்கத்துக்குப் பயிற்சி கொடுக்கிற படிப்பு படிக்கிறாளாம். குழந்தை நடக்கப் பழகுவதிலிருந்து கிழவன் தடுமாறுவது வரை அதில் ஒரு பாடமே இருக்கிறதாம். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, "அங்கிள், நீங்க சொல்ற எல்லாத்துக்கும் பேர் இருக்கு" என்றாள். "பேர நீ வெச்சிக்கம்மா. ஆளுங்கள நான் பாத்துக்கறேன்" என்றேன். போகும்போது நின்று, "அங்கிள், உங்க வலது முட்டிக்கு இன்னா?" என்று கேட்டாள்.

"கொசு கடிச்சிடிச்சி" என்றேன்.

கொசு இல்லை. என் வலது முட்டி அப்போதே என்னிடம் சொல்லாமல் விடுமுறை எடுக்க ஆரம்பித்திருந்தது. நடக்கும்போது சரியாக இருக்கும். இறங்கும்போது ஒரு கணம் யாரோ வண்டிச் சாவியை அணைத்த மாதிரி ஆகிவிடும். எனக்கு எழுபது நடந்துகொண்டிருந்தது. ஆனால் என்னை நானே பார்க்கிற போது நாற்பத்திரண்டு வயதுக்காரன்தான் தெரிந்தான். மேடை ஓரத்துக் கம்பத்தில் சாய்ந்து நின்று கை கொடுக்கப் பழகினேன். பையன்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் அதே மாதிரி சாயவும் ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் மாறினார். முதலாளியின் அக்கா மகன், இப்போதும் உங்களுக்கு மேனேஜராக இருப்பவர்தான், கழுத்தில் விசில். வந்த வாரமே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "அண்ணே, மாமா முடிவா சொல்லிட்டாரு. இனிமே ஒருத்தர் தண்ணில விழுந்தாலும் கை குடுக்கறவரு வீட்டுக்குப் போவணும். எழுவத்தஞ்சுக்கு மேல யாரு வந்தாலும் நாற்காலில வெச்சித் தூக்கிடுங்க. ரிஸ்க்கு வேணாம்."

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி மேடையில் போட்டார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வேலை போகும் என்கிற பயம் பாதி. இருபத்தெட்டு வருஷப் பெயர் போகும் என்கிற பயம் மீதி. முட்டி விஷயம் வெளியில் தெரிந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

அப்படியிருக்கும்போது ஒரு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம், வெளியூர்த் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். வயது எண்பத்துநாலு. அன்று அவருக்குப் பிறந்தநாள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரான்சிலிருந்து வந்து, அக்கரை மணலில் கேக் வெட்டுவதற்காக இரண்டு படகு எடுத்திருந்தார்கள். கோட்டு, டை, கைத்தடி, பளபளவென்று தோல் அடி போட்ட ஷூ. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. படகு முழங்காலுக்கும் கீழே போய்விட்டது. மேடைப் பலகை ஈரம். குடும்பத்தார் முப்பது பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மேனேஜர் விசில் ஊதி நாற்காலியைக் காட்டினார். நாலு பையன்கள் ஓடி வந்தார்கள்.

"நோன்" என்று பிரெஞ்சிலேயே மறுத்தார் சொல்தா. "நாலு பேர் என்னத் தூக்கற நாள் ஒண்ணு வரும். அன்னிக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன். இன்னிக்கு தொறக்கறேன்."

"ரூல்ஸ் சார்" என்றார் மேனேஜர்.

"அப்ப கேக்க இங்கயே வெட்டுங்க. நான் போவல."

அவருடைய மகள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், நாற்காலியில் வைத்துத் தூக்கினால் என் மேல் குற்றம் வராது. தூக்காமல் இறக்கி, அவர் விழுந்தால் நான் தீர்ந்தேன். ஆனால் அவர் காலைப் பார்த்தேன். ஷூவுக்குள் விரல் தெரியவில்லை. கணுக்கால் தெரிந்தது. ஆடவில்லை. கால் நிதானமாக இருந்தது. ஆட்டமெல்லாம் தாடையில்தான் இருந்தது. இந்த ஆளை விழ வைக்கக் கூடியது பலகை இல்லை, அந்த முப்பது போன்கள்தான் என்று முடிவு செய்தேன்.

பக்கத்தில் போய், பிரெஞ்சுக்காரர்களை ஐயா என்று கூப்பிடுகிற மாதிரி, "முசியே, ஷூவ மட்டும் கழட்டிடுங்க" என்றேன் மெதுவாக.

அவர் என் காதருகே குனிந்தார். "குனிஞ்சி மாட்டினா நிமிர முடியாது. ஒருத்தன் மாட்டி உடணும். அது எனக்குத் தெரியும், இப்ப உனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரிய வேணாம்."

சரி என்றேன். திரும்பி, குரலை உயர்த்தி, "குடும்பமெல்லாம் மொத படகுல ஏறுங்க, முசியே தனியா ராஜா கணக்கா ரெண்டாவதுல வருவாரு" என்றேன். ஏற்றிவிட்டேன். படகுக்காரனிடம் கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்தச் சொன்னேன். "அந்தப் பக்கம் பாருங்க, அலையாத்தி மரத்துல கொக்கு கூட்டமா ஒக்காந்திருக்கு" என்று கத்தினேன். கொக்கு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. முப்பது பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

கடலைக்காரம்மாவிடம், அவர் உட்கார்ந்திருந்த சாக்கைக் கேட்டேன். "என்ன எழுப்பிட்டுக் கேக்கறாரு பாரு" என்று முனகிக்கொண்டே உருவிக் கொடுத்தார். அதைப் பலகையில் விரித்தேன். தோல் அடி சாக்கில் வழுக்காது. அப்புறம் சொல்தாவிடம் கேட்டேன்.

"முசியே, பட்டாளத்துல கப்பல்ல போயிருக்கீங்களா?"

"போவாம?"

"கப்பல் ஏணில எப்பிடி எறங்குவீங்க?"

"பின்னால திரும்பி."

"அதான்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஒன்றரை வயதுக் குழந்தை இறங்குகிற வழி அது என்று நான் சொல்லியிருந்தால் கைத்தடியால் அடித்திருப்பார். கப்பல் என்றதும் தாடை ஆட்டம் நின்றது. கைத்தடியை மேடையில் சாய்த்து வைத்தார். திரும்பினார். ஒரு கையால் கம்பத்தையும் ஒரு கையால் என் மணிக்கட்டையும் பிடித்தார்.

"நான் இழுக்க மாட்டேன் முசியே. நீங்களே எறங்குங்க. நான் சும்மா இங்க நிப்பேன்."

ஒரு காலைத் தொங்கவிட்டுத் துழாவினார். படகின் அடிப்பலகை பட்டது. பாரத்தை மாற்ற நேரம் எடுத்துக்கொண்டார். மேனேஜர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மூச்சு விட, அது தானாகப் பீப் பீப் என்று முனகியது. இரண்டாவது காலும் இறங்கியது. சொல்தா திரும்பி நிமிர்ந்து, பலகையில் உட்கார்ந்து, டையைச் சரி செய்துகொண்டார். "மெர்சி" என்று நன்றி சொன்னார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் பெரிய ஆள். கைத்தடி மேடையிலேயே இருந்தது. அதை எடுத்தேன். பிடியை நீட்டினால் அவர் வாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் மேனேஜர் பார்க்கிறார், கடலைக்காரம்மா பார்க்கிறார், மனசுக்குள் எனக்கு பேண்டு வாத்தியம் அடிக்கிறது. நாற்பத்திரண்டு வயதுக்காரன் மாதிரி ஒரே எட்டில் படகுக்குள் தாவப் போனேன். வலது கால் முன்னால்.

முட்டி சாவியை அணைத்தது. படகு போக ஆரம்பித்தது. மேடை இருந்த இடத்திலேயே இருந்தது. மெதுவாக நான் விரியும்போது, லாங் ஜம்ப்காரர் இருக்கிற திசைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு முப்பது பேரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். கொக்குக்காகத் தூக்கிப் பிடித்திருந்த போன்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. நான் விழுந்தது இப்போது பிரான்சில் பல வீடுகளில் இருக்கிறது.

தண்ணீர் மார்பளவுதான். உயிர் போகிற ஆழம் கிடையாது, மானம் போவதற்குப் போதும். கைத்தடியை மட்டும் நான் விடவில்லை. அதன் மறு நுனியைப் படகில் உட்கார்ந்தபடியே சொல்தா பிடித்தார். எண்பத்துநாலு வயதுக் கை, இரும்புக் கொக்கி மாதிரி. என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்:

"நான் இழுக்க மாட்டேன். நீயே ஏறு. நான் சும்மா இங்க இருப்பேன்."

படகில் ஏறினேன். மேனேஜர் மேடை ஓரத்தில், பேன்ட் நனையாத தூரம் வரை வந்து நின்றார். எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. "தம்பி, என் கையப் புடிச்சவரு யாராவது விழுந்தாங்களா?"

"மாமா சொன்னது ஒருத்தர் விழுந்தாலும்னு. நீங்க ஒருத்தர்தான அண்ணே?"

சொல்தா படகிலிருந்து குரல் கொடுத்தார். "அவரு எங்க விழுந்தாரு? எனக்குக் கைத்தடி கொண்டாந்தாரு. வழி கொஞ்சம் சுத்து."

மேனேஜர் சிரித்துவிட்டார். வேலை தப்பியது. பெயரும் தப்பியது என்றே வைத்துக்கொண்டேன். என் கையைப் பிடித்த யாரும் விழவில்லை, எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை, கணக்கு சரிதானே? சாயங்காலம் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே இதைக் கடலைக்காரம்மாவிடம் விளக்கினேன். அவர் கடலைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சாக்க நனச்சிட்டீங்க" என்றார் முதலில். பிறகு தலை நிமிராமல், "எட்டு மாசமா ஒங்க வலது காலத்தான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

"சொல்ல வேண்டியதுதான?"

"மில்லுக்காரரு காலப் பாத்துச் சொல்ற அளவுக்கு நான் படிக்கல."

குத்தல் புரிந்தது. சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார். "இன்னிக்கு தனியா விழுந்தீங்க. நல்லதாப் போச்சி. அந்த முட்டி ஒரு நிமிஷம் முன்னால மடங்கியிருந்தா, அந்தக் கெழவரும் ஒங்க கையோட சேந்து போயிருப்பாரு. ஒங்களப் புடிக்கறவங்க உங்க கையவா நம்பறாங்க? கீழ இருக்கற காலத்தான நம்பறாங்க."

பிழிந்து முடித்த சட்டையை மறுபடியும் பிழிந்தேன். மேனேஜர் போகச் சொல்லவில்லை, முதலாளி போகச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் நானே விசில்காரத் தம்பியிடம் போய், வேலையை விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் நான் செய்ததிலேயே கெட்டிக்கார வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் என்னை மூட்டையாக இறக்கி வைத்த பிறகு அக்கரை போய்ச் சேர்ந்தேன். அங்கே மேடை கிடையாது. படகு மணலில் முட்டி நிற்கும், பக்கவாட்டில் இறங்க வேண்டும். எல்லோரும் குதித்துப் போய்விட்டார்கள். நானும், எனக்கு முன்னால் ஒரு குழந்தையும் மிச்சம். பெண் குழந்தை, ஒன்றரை வயதுக்கு மேல் இராது. மணலில் நின்ற அவள் அப்பா கையை நீட்டித் தூக்கப் போனார். அவள் கத்தினாள்.

"உடுங்க தம்பி. அவளுக்குத் தெரியும். பக்கத்துல நில்லுங்க, போதும்" என்றேன்.

அவள் திரும்பினாள். வயிற்றை விளிம்பில் வைத்தாள். காலைத் தொங்கவிட்டுத் துழாவினாள். மணல் பட்டதும் இறங்கி, கையைத் தட்டிவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

சுற்றிப் பார்த்தேன். தெரிந்த முகம் எதுவும் இல்லை. இருந்தாலும் பரவாயில்லை என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். திரும்பினேன். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் பின்பக்கத்தை வங்காள விரிகுடாவுக்குக் காட்டி, இடது காலைத் தொங்கவிட்டேன். மணல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. துழாவினேன். பெருவிரல் மடங்கிக்கொண்டது. நானே உணர்ந்தேன், தம்பிகளா, எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தது.

அப்போது விளிம்பைப் பிடித்திருந்த என் கையில், சுண்டுவிரலை மட்டும், ஈர மணலோடு ஒரு சின்னக் கை பிடித்தது. இழுக்கவில்லை. சும்மா நின்றது.

பெருவிரல் நீண்டது. மணல் அங்கேதான் இருந்தது.

அந்தக் குழந்தைக்கு வேலை செய்கிற வயது வருகிற வரைக்கும், அந்த மேடையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் வருவேன். டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வருவேன். ஒருவர் மட்டும் வந்து நின்றால் போதும்.